இல்லை என்று எழுதிய மாதங்கள்

ஆகஸ்ட் 1

மாத முதல் தேதி. இன்குபேட்டர் வெப்பநிலைப் பதிவேடு, நைட்ரஜன் உருளைப் பதிவேடு, மைக்கோபிளாஸ்மா பதிவேடு மூன்றையும் எழுதி முடித்தேன். இருபது நிமிடம். வாட்டர் பாத்தில் தண்ணீர் மாற்றினேன்.

மங்கைக்கு ரத்தப் பரிசோதனை. எடை ஐம்பத்திரண்டு. ஆராய்ச்சிக் கூடமும் மருத்துவமனையும் ஒரே வளாகத்தில் இருப்பதில் இது ஒன்றுதான் வசதி: தங்கையைக் கீழே வரிசையில் உட்கார வைத்துவிட்டு மேலே வந்து வேலை பார்க்கலாம்.

ஆகஸ்ட் 6

செய்தித்தாளில் வந்திருக்கிறோம். "சர்க்கரையைத் தின்று ஊர்ந்து செல்லும் புற்றுநோய்: மதுரை விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு." நடுவில் எங்கள் கூடத்தின் தலைவர் புருஷோத்தமன் சார். பக்கத்தில் ஆராய்ச்சி மாணவி பேச்சியம்மாள். பின்னால் நான், கையில் ஒரு குடுவையோடு. "சும்மா நிக்காதீங்க மேடம், எதையாச்சும் புடிங்க" என்றார் புகைப்படக்காரர். காலிக் குடுவை அது.

விஷயம் சிக்கலானதல்ல. மார்பகப் புற்றுச் செல்கள் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் வளரும். ஒரு குறிப்பிட்ட புரதத்தைச் சேர்த்தால் ஒட்டுதலை விட்டுவிட்டு, நீண்டு மெலிந்து, தனித்தனியாக நகரத் தொடங்கும். உடம்பில் நோய் ஓர் உறுப்பிலிருந்து இன்னோர் உறுப்புக்குப் போவதும் ஏறக்குறைய இப்படித்தான். நகரத் தொடங்கிய செல் எதைத் தின்று நகர்கிறது என்பதுதான் கேள்வி. மூன்று மடங்கு சர்க்கரை எடுக்கிறது என்பது பேச்சியம்மாளின் முடிவு.

இருபத்தொரு வருஷத்துக்கு முன் என் ஆய்வேட்டில் நான் கண்டது வேறு. நகரும் செல் சர்க்கரையைக் குறைவாகவே எடுத்தது. எடுத்ததை ஆக்சிஜனோடு முழுதாக எரித்தது. அந்த ஆய்வேட்டைப் படித்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் சம்பளத்துக்காகப் படித்தவர்.

மூன்று மடங்கு என்பது அழகான எண். எனக்கு அழகான எண்கள் பிடிப்பதில்லை. ஆனால் வாயைத் திறந்தால் என் பழைய முடிவைக் காப்பாற்றப் பேசுகிறேன் என்பார்கள். திறக்கவில்லை.

நிருபர் கடைசியாகக் கேட்டார்: "அப்ப நோயாளிங்க சர்க்கரையைத் தவிர்க்கலாமா சார்?"

"தவிர்க்கிறது நல்லதுதான்" என்றார் சார்.

நான் குடுவையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 7

காலைக் காப்பி. எனக்கு எப்போதும் சீனி இல்லாமல். மங்கைக்கு மூன்று கரண்டி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தபோது பழகியது, நாலு பீரியட் தொடர்ந்து கத்தினால் வேண்டியிருக்குமாம்.

"அக்கா, எனக்குச் சீனி போடாத."

"ஏன்?"

"பேப்பர்ல போட்டிருக்குல்ல."

"அது தட்டுல வளர்ற செல்லுடி. உன் உடம்பு தட்டு இல்ல."

"செல்லு செல்லுதானே? எனக்கு ஈரலுக்குப் போயிருச்சு. நகந்துதான போயிருக்கும்?"

நீ சாப்பிடாவிட்டாலும் உடம்பு தசையைக் கரைத்தாவது சர்க்கரை செய்து ரத்தத்தில் விட்டுக்கொண்டேதான் இருக்கும், புற்றுக்குப் பட்டினி கிடையாது, உனக்குத்தான் பட்டினி என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். அவள் கணக்குப் போட்ட பலகையைப் பார்ப்பது மாதிரி என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப நீ எதுக்குப் போட்டோல நிக்கிற?"

ஆகஸ்ட் 19

சீனி போனது. பிறகு வாழைப்பழம், பிறகு பால், இந்த வாரம் சோறு. செய்தித்தாள் துண்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின் அடியில் இருக்கிறது. அதன் பக்கத்தில் அவள் கட்டம் போட்டு ஒட்டிய தாள். சீனி சேராத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டிக்.

மருத்துவமனை உணவு ஆலோசகர் கெஞ்சிப் பார்த்தாள். வெளியே வந்ததும் மங்கை சொன்னாள்: "பாவம், சின்னப் பொண்ணு. பேப்பர் படிக்கிறதில்ல போல."

எடை நாற்பத்தொன்பது.

ஆகஸ்ட் 28

பேச்சியம்மாள் ஆய்வேட்டுக்கான படங்களைக் கொண்டுவந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். யாராவது "பேச்சி" என்று சுருக்கினால், "முழுசாச் சொல்லுங்க, நாலு எழுத்துதான் அதிகம்" என்பாள். வீட்டில் பட்டம் முடிந்ததும் கல்யாணம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, ஜனவரியில்.

செல்லின் உட்கருவுக்கு நீலச் சாயம் ஏற்றிய படங்கள்.

"மேடம், நியூக்ளியஸைச் சுத்திப் பொடிப்பொடியா மின்னுது பாருங்க. கழுவுறதுல ஏதும் விட்டுட்டனா?"

"சாயம் பழசு. பின்னாடி இருக்கிறதைக் கருப்பாக்கிடு."

"எவ்ளோ மேடம்?"

"பொடி மறையிற அளவுக்கு."

கருப்பாக்கியதும் படம் சுத்தமாக இருந்தது. அட்டைப்படத்துக்கே அனுப்பலாம் என்றார் சார்.

செப்டம்பர் 1

பதிவேடுகள். பத்து நிமிடம்.

செப்டம்பர் 14

எடை நாற்பத்தாறு. மங்கையின் கணவர் தூத்துக்குடியிலிருந்து போனில். இரண்டாவது கீமோவுக்குப் பிறகு நேரில் வருவதை நிறுத்திக்கொண்டவர். "சீனியை நிறுத்திட்டாளாமே, நல்லதுங்க. நம்ம கையில இருக்கிறதை நாமதான செய்யணும்" என்றார். நம்ம என்று சொன்னார். குறித்து வைக்கிறேன்.

துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய் ஒழுகுகிறது. ஆள் வருவதாகச் சொல்லி இரண்டு வாரம் ஆயிற்று.

செப்டம்பர் 23

செல்களுக்கு ஊட்டும் மீடியம் என்ற திரவம் இளஞ்சிவப்பாக இருக்கும். செல் சர்க்கரையைத் தின்று அமிலம் விட விட மஞ்சளாகும். இன்று காலை செல் வளர்க்கும் கீழ் இன்குபேட்டரைத் திறந்து பேச்சியம்மாள் கூப்பிட்டாள்.

"மேடம், வந்து பாருங்க. முந்தாநாள்தான் மாத்துனேன். தின்னு தள்ளியிருக்கு!"

நகரும் செல்களின் குடுவைகள் எல்லாம் எலுமிச்சை மஞ்சள். மேல் இன்குபேட்டரில் நகராத செல்கள், புதிதாக ஊற்றியது போல இளஞ்சிவப்பு.

"நகராததைக் கீழ எப்பவாவது வெச்சிருக்கியா?"

"இல்ல மேடம். மாறிப்போயிரும்னு சார்தான் தனித்தனியா வெக்கச் சொன்னாரு. மீடியம் பாட்டில்கூடத் தனித்தனி."

"ம்."

"ஏன் மேடம்?"

"ஒண்ணுமில்ல."

செப்டம்பர் 24

நகராத செல்கள் ஒரு குடுவை எடுத்து, கீழ்ப் பாட்டிலில் இருந்து திரவம் ஊற்றி, கீழே வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 1

நகரச் சொல்லி யாரும் எதுவும் சேர்க்காத அந்தச் செல்கள் ஒட்டிக்கொண்டு ஓரிடத்தில்தான் இருக்கின்றன. திரவம் மஞ்சள்.

பதிவேடுகளை எழுதவில்லை.

அக்டோபர் 2

விடுமுறை. மங்கைக்குக் கீரையும் முட்டையும் வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன். காவலாளி, "லீவுலயும் வேலையா மேடம்?" என்றார். அலமாரியில் இருந்து நீலச் சாயத்தை எடுத்தேன். காலாவதியாக இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அது பழைய சாயம் அல்ல.

செல்லை நிலைப்படுத்தி, சாயமேற்றி, மூன்று முறை கழுவி, இருட்டறையில் வைத்துப் பார்க்க மொத்தம் ஒன்றரை மணி நேரம். பெரிய நீல உருண்டை ஒவ்வொன்றையும் சுற்றிப் பொடி. செல்லின் உடல் முழுக்கப் பொடி. கீழ்க் குடுவைகள் அத்தனையிலும். மேல் குடுவைகளில் உருண்டைகள் மட்டும், சுற்றிலும் சுத்தமான இருட்டு.

மைக்கோபிளாஸ்மா. சுவர் இல்லாத பாக்டீரியா. நாங்கள் வழக்கமாக ஊற்றும் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. திரவத்தைக் கலங்கலாக்காது. செல்லோடு ஒட்டிக்கொண்டு உண்டு வாழும். சர்க்கரையைத் தின்று அமிலம் விடும். இதெல்லாம் முதல் வருஷ மாணவர்களுக்கு நான் நடத்தும் பாடம். அதனால்தான் மாதம் ஒரு முறை சோதனை, அதற்கென்று ஒரு பதிவேடு, பொறுப்புக்கு ஒருவர்.

மூன்று மடங்கு சர்க்கரையைத் தின்றது கிருமி.

சோதனைக்கான கிட் போன நவம்பரில் தீர்ந்தது. இரண்டு முறை எழுதிக் கேட்டேன். கொள்முதல் குழு விளக்கம் கேட்டுத் திருப்பியது. தணிக்கைக்கு வருகிறவருக்குக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. கிட் இல்லாமல் நான் என்ன செய்ய முடியும் என்று இவ்வளவு நாளும் இருந்தேன். அது மங்கையின் ஸ்கேன் வந்த வாரம் வேறு.

சாயம் அலமாரியில்தான் இருந்தது. ஒன்றரை மணி நேர வேலை.

நவம்பர் முதல் செப்டம்பர் வரை பதினொரு கட்டம். "இல்லை" என்ற சொல்லை ஒரே மாதிரி எழுதியிருக்கிறேன். கையெழுத்தில் கூட நடுக்கம் இல்லை.

அக்டோபர் 6

புருஷோத்தமன் சார் படங்களைப் பார்த்தார். இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்தார்.

"எங்க டேட்டா தப்புன்னு சொல்ல வர்றீங்களா, உங்க தீசிஸ் சரின்னு சொல்ல வர்றீங்களா?"

"கீழ் இன்குபேட்டர்ல மைக்கோபிளாஸ்மா இருக்குன்னு சொல்ல வர்றேன் சார்."

"எப்ப வந்ததோ? பேப்பர் முடிஞ்சதுக்கு அப்புறம் வந்திருக்கலாம்."

"மார்ச் மாசப் படத்துலயே பொடி இருக்கு. கருப்பாக்கினதுல மறைஞ்சிருச்சு. ஒரிஜினல் ஃபைல்ல தெரியுது."

"யார் கருப்பாக்கச் சொன்னது?"

"நான்தான்."

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "ரிஜிஸ்டர்ல என்ன இருக்கு?"

"இல்லைன்னு இருக்கு."

"கையெழுத்து?"

"என்னோடது."

அவர் முகத்தில் வந்தது நிம்மதி. நான் பார்த்தேன், அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

"அப்ப ஏம்மா அவசரப்படுறீங்க? ரூமைச் சுத்தம் பண்ணுவோம், புது ஸ்டாக் எடுப்போம், அமைதியா ஒருதரம் திரும்பச் செய்வோம். ஒத்து வந்தா பிரச்சினையே இல்ல. ஒத்து வரலைன்னா அப்பப் பேசிக்கலாம். ஏற்கெனவே உங்களுக்கு வீட்டுல கஷ்டம்."

சரி என்று சொன்னேனா என்று நினைவில்லை. அப்படித்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 7

குழாய் ஆள் வந்தார். சரியாகிவிட்டது.

அக்டோபர் 12

எடை நாற்பத்து மூன்று. மங்கை கட்டத்தாளின் இரண்டாவது பக்கத்தைத் தொடங்கினாள். இன்று அவளிடம் சொல்லலாம் என்று இருந்தேன். அவள் தூங்கிவிட்டாள்.

அக்டோபர் 15

சொல்லவில்லை.

அக்டோபர் 20

தீபாவளி. மாடி வீட்டு ஜோதிலட்சுமி தட்டில் லட்டும் அதிரசமும் கொண்டுவந்தாள். மங்கை ஒரு லட்டை எடுத்து மூக்கருகே வைத்து மூச்சை இழுத்தாள். நெய் புதுசு என்றாள். திரும்பத் தட்டில் வைத்தாள்.

"ஒண்ணு எடுத்துக்கங்க டீச்சர், நல்ல நாளும் அதுவுமா" என்றாள் ஜோதிலட்சுமி.

"எங்கக்கா லேப்ல கண்டுபிடிச்சிருக்காங்க. சீனி கூடாது. உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லி வைங்க."

ஜோதிலட்சுமி என்னை மரியாதையோடு பார்த்தாள்.

அவள் போன பிறகு மங்கை தாளில் டிக் போட்டாள். இன்றைக்கு மட்டும் இரண்டு டிக்.

அக்டோபர் 24

கீமோ தள்ளிவைக்கப்பட்டது. எடை நாற்பத்தொன்று. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்: "நாற்பத்தைந்துக்கு மேல ஏத்திக் கொண்டுவாங்க. இந்த நிலையில மருந்து குடுத்தா நோயை விட மருந்துதான் முந்தும். ஒரு சயின்டிஸ்ட் வீட்டுல இருந்தும் எப்படி இப்படி விட்டீங்க?"

அக்டோபர் 25

மதியம் சொன்னேன். அவள் கட்டிலில் சாய்ந்து பழைய மாணவிகளின் திருமணப் பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மங்கை, அந்தப் பேப்பர்ல வந்தது தப்பு."

"எது?"

"சீனி விஷயம். செல்லுக்குள்ள கிருமி இருந்திருக்கு. சீனியைத் தின்னது கிருமி."

"கிருமி இருக்கான்னு பாக்க மாட்டீங்களா?"

"பாக்கணும். மாசாமாசம்."

"யாரு பாக்கணும்?"

"நான்."

பத்திரிகைகளை ஓரமாக வைத்தாள். "பாத்தியா?"

"பாக்காம எழுதினேன்."

"எத்தனை மாசம்?"

"பதினொண்ணு."

சிரித்தாள். உடம்பு குலுங்கச் சிரித்தாள். இப்போது அவளிடம் குலுங்க அவ்வளவு உடம்பு இல்லை. "ஹோம்வொர்க் செய்யாம ரஃப் நோட்டைக் காட்டுற கேஸு. எங்கிட்ட இருந்தா முட்டி போட வெச்சிருப்பேன்."

"போட வை."

"போடுவ. முட்டி வலிக்குதுன்னு டைரியில எழுதுவ."

பிறகு சிரிப்பு நின்றது. ஃபிரிட்ஜ் இருக்கும் பக்கம் பார்த்தாள்.

"அப்ப ஆகஸ்ட்ல இருந்து நான் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன்?"

பதில் என்னிடம் இருந்தது. சொல்லவில்லை.

"கீமோ அவங்க கையில. ஸ்கேனு மெஷின் கையில. இது ஒண்ணுதான்க்கா என் கையில இருந்துச்சு. காலையில எந்திரிச்சா, இன்னைக்கும் அதுக்கு நான் சோறு போடலைன்னு ஒரு தெம்பு. அதையும் புடுங்கிட்ட."

"எடை ஏறினாத்தான் மருந்து தருவாங்களாம்."

"அதுக்காகத்தான் இப்பச் சொல்றியா?"

சரிந்து கிடந்த ஒரு பத்திரிகையை எடுத்து அடுக்கின் மேல் வைத்தேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பழக்கம்தான். "ரெண்டாந்தேதி."

எதிர்ச் சுவரில் காலண்டர். கண்ணாலேயே எண்ணினாள். கணக்கு டீச்சர், விரல் விடவில்லை.

"இருபத்திமூணு நாள். தீபாவளி அதுக்குள்ளதான் வருது."

திருமணப் பத்திரிகைகளை மறுபடி எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

அக்டோபர் 26

பேசவில்லை. கீரையைச் சாப்பிட்டாள். சோறு கொண்டுபோய் வைத்தேன். அப்படியே இருந்தது.

அக்டோபர் 27

பேச்சியம்மாளிடம் சொன்னேன். சார் சொல்வதற்கு முன் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாக எழுதுகிறேன்; உண்மையில் ஒருவரிடம் சொன்ன பிறகு இன்னொருவரிடம் சொல்வது எளிதாக இருந்தது.

அவள் அழவில்லை. பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்து வைத்தாள்.

"நான் ஒவ்வொரு தடவையும் எக்ஸ்பெரிமென்ட் தொடங்குறப்போ இதைப் பாத்துட்டுத்தான் மேடம் தொடங்குவேன். நீங்க இல்லைன்னு போட்டிருந்தா இல்லைதான். ஒரு தடவைகூடச் சந்தேகப்படல."

"பட்டிருக்கணும்."

"இப்ப அதையும் நான்தான் செஞ்சிருக்கணுமா?"

பிறகு, "பொடி தெரியுதுன்னு நான்தான மேடம் உங்கள்ட்ட கொண்டுவந்தேன்?" என்றாள்.

ஆமாம்.

"வைவா?"

"நடக்காது. எல்லாத்தையும் திரும்பச் செய்யணும். ஒரு வருஷமாவது ஆகும்."

"எங்க வீட்டுல ஒரு வருஷம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது மேடம்" என்று சொல்லிவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கீழ்க் குடுவைகளில் ஒவ்வொன்றாக ப்ளீச் ஊற்றினாள். மஞ்சள் திரவம் வெளுத்துப் போவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். இந்தச் செல்களை உறையவைத்த குழாயிலிருந்து எழுப்பி வளர்த்தவள் அவள்.

நவம்பர் 1

மாத முதல் தேதி. சார் காலையிலேயே வந்துவிட்டார். "அக்டோபருக்கு மட்டும் ஒரு எண்ட்ரி போட்டுருங்கம்மா. சுத்தம் பண்ணியாச்சுல்ல, இல்லைன்னே போடலாம். பொய் இல்ல."

அக்டோபர் கட்டத்தில் "உண்டு" என்று எழுதினேன். பிறகு மேலே போய், போன நவம்பர் தொடங்கிப் பதினொரு "இல்லை"களையும் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "சோதனை செய்யப்படவில்லை" என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தைப் படம் பிடித்து, கட்டுரை வெளியான இதழின் ஆசிரியருக்கும் எங்கள் இயக்குநருக்கும் கடிதத்தோடு அனுப்பினேன். கடிதத்தில் பேச்சியம்மாள் குறைபாட்டை ஆகஸ்டிலேயே என் கவனத்துக்குக் கொண்டுவந்தாள் என்று ஒரு வரி. செய்தித்தாளுக்கும் எழுதினேன், அவர்கள் போட மாட்டார்கள்.

நாற்பது நிமிடம்.

"இதனால உங்களுக்கு என்ன கெடைச்சுது?" என்றார் சார். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். என் ஆய்வேடு சரி என்று இதனால் நிரூபணமாகவில்லை. நகரும் செல் எதைத் தின்கிறது என்று இந்தக் கூடத்தில் இன்று யாருக்கும் தெரியாது.

நவம்பர் 4

இயக்குநர் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். ஏழு நாள் அவகாசம். விசாரணை முடியும் வரை செல் அறைக்குள் நுழையக் கூடாது. நியாயம்தான். அடையாள அட்டை கதவில் சிவப்பு விளக்கைக் காட்டியபோது, உள்ளே இருந்த பேச்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கதவைத் திறக்கவில்லை.

நவம்பர் 6

மங்கை ஃபிரிட்ஜ் கதவிலிருந்து கட்டத்தாளை எடுத்துவிட்டாள். செய்தித்தாள் துண்டை எடுக்கவில்லை.

"இதுல உன் கையில இருக்கிறது என்னது?" என்றாள். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"காலிக் குடுவை."

"தூரத்துல இருந்து பாத்தா ஏதோ இருக்கிற மாதிரியே இருக்கு."

நவம்பர் 9

எடை முப்பத்தொன்பது. கீமோ இனி இல்லை என்றார் டாக்டர், வேறு சொற்களில்.

வீட்டுக்கு வந்ததும் காப்பி கேட்டாள். "பழைய மாதிரி போடு." மூன்று கரண்டி சீனி போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து ஒரு வாய் குடித்தாள். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள். இன்னொரு வாய்.

"சீனி போட்டியா? நாக்குல ஒண்ணும் தெரியலையே."

"போட்டேன்."

"எத்தனை?"

"மூணு."

"போடாமயே போட்டேன்னு சொல்றியா?"

"போட்டேன் மங்கை."

என்னை நம்பவில்லை. டம்ளரை என் பக்கம் நீட்டினாள். "நீ குடிச்சுப் பாரு."

அவள் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அடியில் கரையாத சீனி கிடந்தது.